அத்தா பேரில் கரண்ட் பில்

வாடகைக்கு இருப்பவர் தானாக வீட்டுக்காரரைத் தேடி இறங்கி வந்தால், ஒன்று தண்ணீர் வரவில்லை, இல்லாவிட்டால் வாடகை வரப்போவதில்லை. ஷஃபியுல்லா தம் அனுபவத்தில் மூன்றாவது காரணத்தைக் கண்டதில்லை. ஆகவே, மேல் வீட்டு ஸ்ரீதேவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை கையில் பிளாஸ்டிக் கோப்போடு வந்து நின்று, தண்ணீரையும் பேசாமல் வாடகையையும் பேசாமல், "டீ குடிச்சிட்டீங்களா பாய்?" என்று கேட்டபோதே அவர் உஷாரானார். விலை கேட்பதற்கு முன்னால் நலம் கேட்கிறவனை நம்பாதே என்பது அவருடைய தகப்பனார் சொல்லிவிட்டுப் போன பாடம். அத்தா முகைதீன் பிச்சை கருவாட்டு வியாபாரி. அவர் நம்பிய ஆட்களை எண்ண ஒரு கை விரல் போதும். அதிலும் கட்டை விரல் மிஞ்சும்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் வலையும் கயிறும் மிதவையும் விற்கிற கடை ஷஃபியுல்லாவுடையது. வீடு இரண்டு தெரு தள்ளி. கீழே அவர், மேலே வாடகை. மனைவி, மகளுடைய பிரசவத்துக்காக ஆம்பூர் போய் ஒரு மாதம் ஆகிறது. அதாவது, அவருடைய சந்தேகங்களைக் கேட்டு "போதும், போய் வேலையைப் பாருங்க" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாத காலம்.

ஸ்ரீதேவி ஈரோட்டுப் பெண். கணவன் ஹரிகிருஷ்ணன் கல்பாக்கத்தில் ஷிப்டு வேலை. அவளும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். போன வருஷம் அதை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து, தண்ணீர் பம்புகளை எப்படிப் பிரிப்பது, எப்படிச் சேர்ப்பது, எந்தத் திருகை முதலில் கழற்றக் கூடாது என்று கம்பெனிகளுக்குக் கையேடு எழுதித் தருகிறாள். ஒரு திருகையும் தொடாமல் திருகால் பிழைக்கிறவள் என்பது அவளைப் பற்றி ஷஃபியுல்லாவின் கணிப்பு.

"ஜிஎஸ்டி எடுக்கோணுங்க பாய்" என்றாள் ஸ்ரீதேவி. "இந்த வருஷம் வரவு இருபது லட்சம் தாண்டிருச்சு. தாண்டினா முப்பது நாளைக்குள்ள பதிஞ்சுரோணும். பத்து நாள்தான் பாக்கி இருக்குங்க."

ஷஃபியுல்லாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மேல்மாடி வாடகை. பன்னிரண்டாயிரம். ஏமாந்துவிட்டோம்.

"இன்னாம்மா இருபது? நாப்பதுல்ல கணக்கு?"

"சரக்கு விக்கிறவங்களுக்கு நாப்பதுங்க. சேவைக்கு இருபது."

"துட்டு வாங்கினு செய்யறதுக்குப் பேரு சேவையா?"

"கவருமெண்ட் அப்படித்தாங்க சொல்லுது."

நாற்பது அவருக்கு மனப்பாடம். அவருடைய கடை ஆண்டுதோறும் முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மார்ச் மாதத்தில் வலை கேட்டு வருகிற மீனவரிடம், "ஏப்ரல்ல வா மச்சான், புது ஸ்டாக்கு வருது" என்பார். அப்படிப்பட்டவர் முன்னால் ஒருத்தி, தாண்டிவிட்டேன் என்று தானே போய்ச் சொல்லப்போகிறாளாம். இதில் ஏதோ இருக்கிறது.

"யாருக்கு எழுதுற நீ?"

"ஜெர்மனிக்காரங்க ஒருத்தர். புனேயில ஒருத்தர்ங்க."

"ஜெர்மனிக்காரன் நம்மூருக்கு வரி கட்டுவானா?"

"இல்லீங்க. வெளிநாட்டுக்கு அனுப்புற வேலைக்கு வரி சைபர். ஆனா அந்த வரவும் இருபது லட்சக் கணக்குல சேரும். சைபருக்கு வருஷா வருஷம் ஒரு உறுதிக் கடிதமும் கொடுக்கோணும்."

"சைபருக்கு இன்னாத்துக்கும்மா நம்பரு?"

"சைபர்னு சொல்றதுக்கே நம்பர் வேணுமுங்க."

இந்த மாதிரிப் பேச்சைச் சந்தையில் பேசுகிறவனைத் தராசுப் பக்கம் விடமாட்டார்கள். ஷஃபியுல்லா நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார். உட்கார வைத்துப் பேசினால் எதிராளி தேவைக்கு மேல் பேசுவான்.

அவள் தேவைக்கு மேல் பேசவில்லை. கோப்பிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். வீட்டிலிருந்து தொழில் செய்ய வீட்டுக்காரருக்கு ஆட்சேபனை இல்லை என்கிற கடிதம். கையெழுத்து வேண்டும். கூடவே கரண்ட் பில் நகல் ஒன்று.

"கரண்டுக்குக் கடை ரேட்டு போட்ருவான்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. இது முகவரிக்கு."

"யாருக்கும் நான் எழுதிக் குடுத்ததில்லம்மா. வாய்ப்பேச்சுதான் நம்ம பத்திரம்."

"அதனாலதாங்க இந்தக் கடிதம். வாடகைப் பத்திரம் இருந்தா இது வேண்டியதில்ல."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் வரியிலேயே கண் இடறியது. 'இவ்வீட்டின் உரிமையாளரான நான்.' அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. அந்த ஒரு சொல், வலையில் மாட்டிய ஆமை மாதிரி கனத்துக்கொண்டு கிடந்தது.

காரணம் இதுதான். அந்த வீடு அத்தா கட்டியது. அத்தா கண்ணை மூடி மௌத்தாகிப் பத்தொன்பது வருஷம், அம்மா அதற்கும் முன்பே. பிள்ளைகள் இரண்டு பேர்: ஷஃபியுல்லா, அவருக்கு இளையவள் ராபியா. மார்க்கப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆனால் பிரிக்கவில்லை. பட்டா மாறவில்லை, வீட்டு வரி மாறவில்லை, கரண்ட் பில் இன்றைக்கும் மர்ஹூம் முகைதீன் பிச்சை பேருக்குத்தான் வருகிறது. அவரும் மறுமையிலிருந்து ஆட்சேபனை எதுவும் அனுப்பவில்லை. மாமல்லபுரத்தில் கட்டிக்கொடுத்த ராபியாவும் வாய் திறந்து கேட்டதில்லை. பெருநாளுக்குப் பெருநாள் குர்பானிக் கறியில் அவள் பங்கு ஒரு எலும்பு குறையாமல் போய்ச் சேரும். வீட்டில் அவள் பங்கு மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

உரிமையாளர் என்று கையெழுத்துப் போட்டால், நாளைக்கு ராபியா அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, 'பாருங்க, முழுசையும் முழுங்கிட்டான்' என்பாள். போடமாட்டேன் என்றால், தானே ஒப்புக்கொண்ட மாதிரி. இப்படி இரண்டு பக்கமும் கூரான சொல்லை ஒரு ஈரோட்டுப் பெண் தானாகவா கண்டுபிடித்திருப்பாள்?

"பில்லுல முகைதீன் பிச்சைன்னு இருக்குங்களே?" என்றாள் அவள், அவர் எடுத்து வைத்த பில்லைப் பார்த்து.

"எங்க அத்தா. மௌத்தாயிட்டாரு."

"அப்ப நீங்க ஒரே பையனுங்களா?"

"ஒரே பையன்தான்" என்றார் ஷஃபியுல்லா. பொய் இல்லை. பையன் ஒருவன்தான்.

ஆனால் கேள்வி காதில் நின்றுவிட்டது. வரி நம்பர் எடுக்க வந்தவளுக்கு அத்தாவுக்கு எத்தனை பிள்ளை என்பது எதற்கு?

பேனாவை எடுத்தார். 'உரிமையாளரான' என்பதை அடித்தார். அதன் மேல் தம் கையால் 'வாடகை வாங்கி வருகிற' என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து, கீழே பெரிய கையெழுத்து.

ஸ்ரீதேவி வாசித்தாள். எழுத்தை வைத்துப் பிழைக்கிறவள் ஆயிற்றே, புருவம் சுருங்கியது. "இது போதுங்களா பாய்?"

"அதுல பொய் எதுனா கீதா?"

"இல்லீங்க..."

"அப்போ போதும்."

அவளுக்கும் நாள் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டு படியேறப் போனவள் திரும்பி, "யாராச்சும் பாக்க வந்தாலும் வருவாங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்க்க வருவதா? பெண் பார்க்க இந்த வீட்டில் பெண் இல்லை. பார்க்க வந்தால் வீட்டைத்தான் பார்க்க வருவார்கள்.

அன்று சாயங்காலம் அவருடைய சந்தேகத்துக்குக் கை கால் முளைத்தது. ஸ்ரீதேவி தொளதொளவென்று யானைப் படம் போட்ட ஒரு பேன்ட்டில் குப்பை கொட்ட இறங்கி வந்தாள். அந்தப் பேன்ட்டு மாமல்லபுரத்தில்தான் விற்கும். ராபியா மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குத் தைத்து விற்பது அந்தப் பேன்ட்டுதான். அதே பேன்ட்டை அங்கே இன்னும் ஐம்பது கடையில் விற்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் சந்தேகப்படுகிறவனுக்கு ஐம்பதில் ஒன்று என்பது சின்ன எண்ணிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அத்தர் தடவிக்கொண்டு கேட்டைத் திறந்தார். தெருவில் ஒரு ஆள் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே போனைத் தூக்கி வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். முகப்பு ஒன்று, கதவு எண் ஒன்று, மாடிப்படி ஒன்று.

"யாருப்பா அது? இன்னா போட்டோ?"

ஹெல்மெட் கழன்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க முகம். "இது முகைதீன் பிச்சை வூடுதானே சார்?"

அத்தா பெயரை முன்பின் தெரியாத வாய் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. அப்போதே முடிவாகிவிட்டது. ராபியா புரோக்கரை அனுப்பிவிட்டாள்.

"நீங்க?"

"பக்தவத்சலம். செங்கல்பட்டுல ஜிஎஸ்டி ஆபீஸு. இங்க ஸ்ரீதேவினு ஒருத்தங்க அப்ளை பண்ணியிருக்காங்க. போன் பண்ணேன், எடுக்கல. இடத்தைப் பாத்துட்டுப் போலாம்னு." கழுத்து அட்டையை எடுத்துக் காட்டினார்.

ஷஃபியுல்லா அட்டையைப் பார்த்தார். முத்திரை இருந்தது. முத்திரை யாரிடம்தான் இல்லை? பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் முப்பது ரூபாய் கொடுத்தால் லேமினேஷனோடு கலெக்டராகலாம்.

"வூட்டுக்கு நீங்க ஓனருங்களா?"

வந்துவிட்டது. அதே சொல்.

"வூடு எங்க அத்தாது. நான்தான் இங்க கீறேன்."

"மேல எதுனா தொழில் நடக்குதா சார்?"

"தொழிலா? இன்னா தொழிலு? குடித்தனம் நடக்குது. இந்த வூட்ல யாவாரமும் இல்ல ஒண்ணும் இல்ல. வூடு விக்கறதுக்கும் இல்ல, பங்கு போடறதுக்கும் இல்ல. உன்ன அனுப்ச்சவங்க கைல போய் அப்படியே சொல்லு."

"என்னை அனுப்ச்சது டிபார்ட்மென்ட் சார்."

"டிபார்ட்மென்டு கைலயே சொல்லு."

பக்தவத்சலம் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். போனில் ஏதோ தட்டிக்கொண்டார். வணக்கம் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். மேல்மாடியில் ஸ்ரீதேவி இரண்டு காதையும் மூடிய ஹெட்போனோடு, போனைச் சைலண்டில் போட்டுவிட்டு, ஜெர்மனிக்காரரிடம் ஒரு வால்வைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். ஷஃபியுல்லா தொழுகைக்கு நடந்தார். பல நாளைக்குப் பிறகு நடை லேசாக இருந்தது. புரோக்கரை வாசலோடு அனுப்பிய நடை.

அடுத்த புதன்கிழமை ஸ்ரீதேவி மறுபடியும் இறங்கி வந்தாள். இந்தத் தடவை டீ குடித்தாரா என்று கேட்கவில்லை. அச்சடித்த தாளை மேஜைமேல் வைத்தாள்.

"ஆபீஸ்ல இருந்து விளக்கம் கேட்டு வந்திருக்குங்க. இங்கிலீஷ்ல இருக்கு, நான் சொல்றேன். ஒண்ணு, நேர்ல வந்து பாத்தப்ப இந்த வீட்டுல எந்தத் தொழிலும் நடக்கலைன்னு வீட்டுல இருந்தவரே சொன்னாருன்னு போட்டிருக்கு. ரெண்டு, கரண்ட் பில் வேற ஆள் பேர்ல இருக்கு, அவருக்கும் கடிதம் கொடுத்தவருக்கும் என்ன உறவுன்னு ஆதாரம் இல்ல. மூணு, கடிதம் கொடுத்தவர் தன்னை உரிமையாளர்னே சொல்லல." நிறுத்தினாள். "ஏழு வேலை நாளைக்குள்ள பதில் போடலைன்னா தள்ளுபடி. மறுபடி முதல்ல இருந்து. அதுக்குள்ள முப்பது நாளும் போயிரும். புனேக்காரங்க மாசக் கடைசிக்குள்ள நம்பர் இல்லீன்னா வருஷ ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. என் வரவுல பாதி அதுதாங்க பாய்."

ஷஃபியுல்லா தாளை இழுத்துப் பார்த்தார். அப்படியானால் அந்த அட்டை முப்பது ரூபாய் அட்டை இல்லை.

"வெள்ளிக்கிழமை வந்தவர்கிட்ட ஏனுங்க அப்படிச் சொன்னீங்க? நான் மேலதானே இருந்தேன்?"

இந்த இடத்தில் கெட்டிக்கார வியாபாரி வாயை மூடிக்கொள்வான். ஷஃபியுல்லாவும் கெட்டிக்கார வியாபாரிதான். ஆனால் எட்டு நாளாக உள்ளே ஊறிய சந்தேகம் உப்புக்கண்டம் மாதிரி. மூடி வைத்த பானையையும் மீறி வாசம் அடிக்கும்.

"நீ உண்மைய சொல்லும்மா. ராபியாதானே உன்ன அனுப்ச்சுது?"

"யாருங்க ராபியா?"

ஸ்ரீதேவி நடிக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஷஃபியுல்லாவுக்கு ஒரு நொடி போதும். எத்தனை ஆட்களின் முகத்தைப் பார்த்து விலை சொன்னவர். கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை.

"யாருங்க பாய் ராபியா?"

"எங்க தங்கச்சி" என்றார் கடைசியில்.

"ஒரே பையன்னு சொன்னீங்களே?"

"பையன் ஒருத்தன்தானே."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டாள். ஒன்றின்மேல் ஷஃபியுல்லா, இன்னொன்றின்மேல் ராபியா. "அப்ப வாரிசு ரெண்டு பேருங்க. அப்பாவோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம். இது மூணும் வெச்சா பில் எந்தப் பேர்ல இருந்தாலும் பதில் சொல்லிரலாம்."

"நான் மட்டும் ஓனருன்னு போட்டா?"

"தங்கச்சி இருக்காங்கன்னு தெரியாதப்ப போட்டிருப்பேனுங்க. இப்பத் தெரிஞ்சிருச்சே. பொய்யின்னா அது என் பேர்ல, என் ஓடிபியில போகும்."

"முடியாதுன்னா?"

"வேற வீடு பாத்துக்கறேனுங்க. ஆனா இந்தப் பதில்ல, தொழில் நடக்கலைன்னு வீட்டுக்காரர் ஏன் சொன்னாருன்னு நான் எழுதியாகோணும். என்னன்னு எழுதட்டும்?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் கேட்டாள். ஷஃபியுல்லா மனத்தராசை எடுத்தார். ஒரு தட்டில் ராபியா. இன்னொரு தட்டில், ஆபீசரிடம் புளுகிய புதுப்பட்டினம் வலைக்கடைக்காரர் என்று எழுத்தில் போகிற ஒரு வரி. அதைப் படித்துவிட்டு, அந்தக் கடையில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வரப்போகிற ஹெல்மெட்டு. முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம் தட்டில் தொம்மென்று விழுந்தது.

"ஞாயித்துக்கிழம போலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீதேவி ஸ்கூட்டியில் முன்னால் போனாள். ஷஃபியுல்லா ஈசிஆர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனார். சதுரங்கப்பட்டினம் தாண்டும்போதுதான் உறைத்தது. அவள் பத்து நிமிஷம் முந்திப் போய்ச் சேருவாள். பத்து நிமிஷத்தில் இரண்டு பெண்கள் பேசினால் ஒரு வீட்டை அஸ்திவாரத்தோடு பெயர்த்துவிடலாம்.

மாமல்லபுரத்தில் இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்தார். ராபியாவின் கடைக்கு எதிரே, இளநீர் வண்டி நிழலில் ஸ்ரீதேவி நின்றிருந்தாள்.

"நீங்க இல்லாம உள்ள போக ஒரு மாதிரியா இருந்துச்சுங்க."

அவர் அவளுடைய காலடியைப் பார்த்தார். குடித்து முடித்த இளநீர் ஒன்றுதான் கிடந்தது. சரி, பாதி நம்பலாம்.

ராபியா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். அண்ணனைப் பார்த்தாள். அண்ணனுக்குப் பின்னால் கோப்போடு நிற்கிற பெண்ணைப் பார்த்தாள். மெஷின் நின்றது.

"வா அண்ணே" என்றாள். ஸ்டூலைக் காட்டவில்லை. "பெருநாளும் இல்ல, மௌத்தும் இல்ல. இன்னா இந்தப் பக்கம்? இவங்க வக்கீலா?"

"வக்கீலு இல்ல. மேல் வூட்ல கீறவங்க."

"கைல இன்னா? விடுதலைப் பத்திரமா?"

விடுதலைப் பத்திரம் என்பது, எனக்குப் பங்கு வேண்டாம் என்று சகோதரிகள் எழுதிக் கொடுக்கிறது. எத்தனையோ தங்கைகளிடம் பிரியாணி போட்டு வாங்கியிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷமாக ராபியா எதற்காகக் காத்திருந்தாள் என்பது ஷஃபியுல்லாவுக்கு அந்தச் சொல்லில்தான் தெரிந்தது. அவர் அவளைச் சந்தேகப்பட்ட அதே பத்தொன்பது வருஷமும் அவள் அவரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். ஒரே அத்தாவின் பிள்ளைகள்.

"அல்லா மேல ஆணையா அது இல்ல, ராபி."

"ஆணைய அப்பால வை. தாள குடு."

ஸ்ரீதேவி விஷயத்தைச் சொன்னாள்: இருபது லட்சம், முப்பது நாள், கரண்ட் பில், ஏழு நாள். ராபியா கேட்டுக்கொண்டே கடிதத்தைப் படித்தாள். ஒரு தடவை மேலிருந்து கீழே. இன்னொரு தடவை கீழிருந்து மேலே. 'மர்ஹூம் முகைதீன் பிச்சையின் வாரிசுகளும் இவ்வீட்டின் உரிமையாளர்களுமான நாங்கள் இருவரும்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"ராபி," என்றார் ஷஃபியுல்லா கனைத்துக்கொண்டு, "அந்த எடத்துல 'வாடகை வாங்கி வருகிற'ன்னு போட்டாலும்..."

"அத்தா கருவாட்டுல தண்ணி தெளிச்சு எடை ஏத்துவாரு. நீ எழுத்துல தெளிக்கிறியா?" என்றாள் ராபியா. "அது இப்படியே கிடக்கட்டும். நான் போட்றேன். சும்மா போடமாட்டேன்."

"இன்னா வேணும்?"

ராபியா ஸ்ரீதேவியை ஓரக்கண்ணால் பார்த்தாள். வெளியாள் முன்னால் விலை பேசக் கூடாது. இது அத்தாவின் சட்டம். ஹாங்கரில் தொங்கிய ஒரு துண்டை இழுத்து, வலது கைமேல் போட்டுக்கொண்டு அண்ணன் பக்கம் நீட்டினாள். கருவாட்டுச் சந்தையில் அத்தா அப்படித்தான் விலை பேசுவார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தால் கணக்கு, பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆண்பிள்ளை என்று ஷஃபியுல்லாவைச் சந்தைக்கு அழைத்துப் போவார். வீடு திரும்பிய ஷஃபியுல்லா தங்கைக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த வித்தை அது.

"இன்னாத்துக்கு?" என்றார், கையை உள்ளே விட்டபடி.

"வாடகைக்கு. மாசா மாசம். பழசு போவட்டும், இனிமேட்டுக்கு."

ஒரு விரல் ஆயிரம். ஷஃபியுல்லா அவளுடைய இரண்டு விரலைப் பிடித்தார். ராபியா கையை உதறிவிட்டு, அவருடைய நாலு விரலையும் ஒரே பிடியாகப் பிடித்தாள். அவர் மூன்றுக்கு வந்தார். அவள் மறுபடியும் நாலு. இந்தத் தடவை சுண்டு விரலைத் திருகினாள். ஸ்ரீதேவி அசையும் துண்டைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கைவைத்தியம் என்பதுபோல நின்றாள்.

நாலு. பன்னிரண்டில் மூன்றில் ஒன்று. மார்க்கம் சொன்ன பங்கு, ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆனால் வாடகை பன்னிரண்டு என்று ராபியாவுக்கு யார் சொன்னது? கேட்கிறவர்களிடமெல்லாம் அவர் ஏழு என்றுதான் சொல்லிவைத்திருந்தார். ஷஃபியுல்லாவின் பார்வை மெல்லத் திரும்பி ஸ்ரீதேவியின் மேல் விழுந்தது. இளநீர் ஒன்றுதான் கிடந்தது என்பது உண்மை. இன்னொன்றை வண்டிக்காரன் எடுத்துப் போட்டிருக்கலாம்.

"அவங்கள ஏன் மொறைக்கிற?" என்றாள் ராபியா. இடது கையால் கடிதத்தைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "மூணாவது வரியில கீது பாரு. 'மாத வாடகை ரூபாய் பன்னிரண்டாயிரம்.' நீயே எடுத்துகினு வந்துட்டு."

ஷஃபியுல்லா கண்ணாடியைத் தேடினார். அது மூக்கிலேயே இருந்தது. முதல் கடிதத்திலும் அந்த மூன்றாவது வரி இருந்திருக்கும். ஒரு சொல்லோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அது பேசாமல் கீழே படுத்திருந்திருக்கிறது.

துண்டுக்கடியில் அவருடைய கை நாலு விரலுக்கு அடங்கியது. ராபியா துண்டை எடுத்து மடித்தாள். பேனாவை வாங்கி, இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பெயரை முழுசாக எழுதினாள்: மு. ராபியா பேகம். எழுதிவிட்டு, மை காய்கிற வரைக்கும் தாளை விடவில்லை.

"பத்தொம்போது வருஷத்துல நம்ம ரெண்டு பேரு பேரும் ஒரே தாள்ல வருதுண்ணே" என்றாள். "அதுவும் இவங்க வரிக்காக." பிறகுதான் ஸ்டூலைக் காட்டினாள். "ஒக்காரு. டீ சொல்றேன்."

அத்தா மௌத்தானபோதே வாங்கிப் பெட்டியில் கிடந்த இரண்டு சான்றுகளையும் சேர்த்து, திங்கள்கிழமை ஸ்ரீதேவி பதில் போட்டாள். அன்று தொழில் நடக்கவில்லை என்று ஏன் சொல்லப்பட்டது என்பதற்கு, 'வந்தவர் அதிகாரி என்பதை வீட்டில் இருந்தவர் புரிந்துகொள்ளவில்லை' என்று எழுதியிருந்தாள். ஷஃபியுல்லா அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அதில் பொய் இல்லை. அவரே எழுதியிருந்தாலும் இவ்வளவு நேர்த்தியாகத் தண்ணீர் தெளித்திருக்க முடியாது. அவள்மேல் அவருக்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

வியாழக்கிழமை பக்தவத்சலம் மறுபடியும் வந்தார். ஷஃபியுல்லா கடைக்குப் போகாமல் வாசலிலேயே இருந்தார். தாமே மேலேறிப் போய், ஹெட்போன் போட்டிருந்தாலும் கேட்கிற மாதிரி கதவை இடித்தார்.

பக்தவத்சலம் மேலே மேஜையைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். கீழே வந்து, கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"வூட்டுக்கு ஓனர் யாரு சார்?"

கடிதம் அவர் கையிலேயே இருந்தது. அதில் எழுதியிருந்தது. இருந்தாலும் கேட்டார். சில கேள்விகளை வாயால் சொல்ல வைத்துத்தான் விடுவார்கள். தெருவில் தெரிந்தவர் யாரும் இருக்கிறார்களா என்று ஷஃபியுல்லா பார்த்தார். மீன்காரி ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். அவள் கூடையை இறக்கிவைத்துக் கேட்கப் போகிறாளோ என்று கொஞ்சம் காத்திருந்தார். அவள் போய்விட்டாள்.

"ரெண்டு பேரு சார்" என்றார். "நான் ஒண்ணு. எங்க தங்கச்சி ராபியா ஒண்ணு. மாமல்லபுரத்துல கீது. எனக்கு ரெண்டு பங்கு, அதுக்கு ஒண்ணு."

"பங்கெல்லாம் நான் கேக்கல சார்."

"கேக்காட்டியும் எழுதிக்கோ."

பக்தவத்சலம் சிரித்துவிட்டுப் பைக்கை எடுத்தார். போகிறவரை நிறுத்தி, "அந்த அட்டைய இன்னொரு வாட்டி காட்டு சார்" என்று வாங்கி, ஷஃபியுல்லா இந்தத் தடவை பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டார்.

நாலு நாளில் நம்பர் வந்தது. பதினைந்து எழுத்து. வாசலில் பெயரும் நம்பரும் போட்ட பலகை இருக்க வேண்டும் என்பது விதியாம். ஹரிகிருஷ்ணன் மாடிப்படிச் சுவரில் சின்னப் பலகை ஒன்றைத் திருகினான். ஸ்ரீதேவி கீழே நின்றுகொண்டு எந்தத் திருகை முதலில் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புனேக்காரர்கள் ஆர்டரை அனுப்பிவிட்டார்கள். பம்புகள் இருபது வகை. இருபதுக்கும் வரி போட்டு, பில் போட்டு, மாதாமாதம் கணக்குக் கொடுக்கவேண்டும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்ததுதான் ஷஃபியுல்லாவுக்கு விளங்காத விஷயம்.

ஒன்றாம் தேதி காலை அவருடைய போன் மணியடித்தது. வாடகை எட்டாயிரம் வந்திருந்தது. அவரே ஸ்ரீதேவியிடம் சொல்லிவைத்தபடி, இன்னொரு நாலாயிரம் ஈசிஆர் வழியாக வேறு போனுக்குப் போயிருக்கும். எட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது பன்னிரண்டாகவில்லை.

ஒரு நிமிஷம் கழித்து ராபியா கூப்பிட்டாள்.

"அண்ணே, நாலு வந்துச்சு."

"சந்தோஷம்."

"அது கெடக்கட்டும். அத்தா பேர்ல கீற கரண்ட் பில்லை எப்ப மாத்தப் போற? ரெண்டு பேரு பேரையும் சேத்துப் போடலாமாமே?"

ஷஃபியுல்லா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காதவள். கரண்ட் ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவள். இதை இவளுக்கு யார் சொன்னது?

தலையைத் தூக்கி மாடிப்படியைப் பார்த்தார். மேலே டக்டக்கென்று கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.